பெருக்கப் பெருக்க வளர்ந்த கல்

கல்யாணமாகி முள்ளிப்பட்டுக்கு வந்த அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரர் எனக்கு முதலில் காட்டியது சாமி படத்தையும் இல்லை, அடுப்பங்கரையையும் இல்லை. கையைப் பிடித்துக் கொல்லைப்புறம் கூட்டிக்கொண்டு போய் ஒரு கல்லைக் காட்டினார். ஏதோ துணி துவைக்கிற கல் என்று நினைத்துவிடாதீர்கள். எருமை ஒன்று கால் மடக்கிப் படுத்திருந்தால் எப்படி இருக்குமோ அந்த அளவுக்கு ஒரு பாறை.

"இது வளர்ற கல்லு," என்றார்.

புது மாப்பிள்ளை ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்கு வாசல் கதவுக்கு அடித்தது போக டப்பாவில் கொஞ்சம் பச்சை பெயிண்ட் மிச்சமிருந்தது. அதை எடுத்து வந்து, கல் மண்ணைத் தொடுகிற இடத்தில் சுற்றிலும் ஒரு கோடு போட்டார். பட்டு வேட்டியில் பெயிண்ட் பட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"பாத்துகினே இரு. அடுத்த வருஷம் இந்தக் கோடு எங்க இருக்குன்னு சொல்லு," என்றார்.

அடக் கடவுளே, நல்ல இடத்தில்தான் வந்து மாட்டினோம் என்று நினைத்துக்கொண்டேன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. அப்போது எனக்கு அந்தக் கல் மேல் பகையும் இல்லை, பாசமும் இல்லை. கொஞ்ச நாளிலேயே பகை வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு பெரிய அறை. அதில் அவருடைய தறி. பட்டுத் தறிக்குக் குழி வேண்டும்; நெய்கிறவர்கள் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துதான் மிதியை மிதிக்க முடியும். நானும் நெசவுக்காரி. அம்மா வீட்டிலேயே கற்றுக்கொண்டு வந்தவள். ஆனால் இந்த வீட்டில் இரண்டாவது குழிக்கு இடம் இல்லை. அதனால் அவருக்கு ஊடை நூலைக் குச்சியில் தார் சுற்றி வைத்துவிட்டு, சமையலை முடித்துவிட்டு, அடுத்த தெருவில் ஒருவருடைய தறிக்கொட்டாய்க்கு நெய்யப் போவேன். மகள் பிறந்த பிறகு அவளையும் தூக்கிக்கொண்டு போய், அங்கேயே தூளி கட்டிப் போட்டு நெய்தேன். அந்தக் கொட்டாயில் நெய்கிற சேலை எல்லாம் கொட்டாய்க்காரர் பேரில்தான் ஆரணியில் பட்டுக்கடை முதலாளியிடம் போகும். யார் நெய்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். நாள் முழுக்கக் குனிந்து நெய்தவள் நான், "கொட்டாய்க்காரர் சேலை நல்லாருக்கு" என்று பேச்சு வரும். எனக்கு வயிறு எரியும்.

எனக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு குழி. என் பேரில் ஒரு சேலை. கொல்லைப்புறத்தில் ஓலை வேய்ந்து தறி போடுகிற நீளத்துக்குக் கச்சிதமான இடமும் இருந்தது. அதன் நட்டநடுவில்தான் இந்த எருமை படுத்திருந்தது.

"கல்லை ஒடச்சி எடுத்துட்டா அங்க ஒரு தறி போட்டுக்கலாங்க," என்று நான் எப்போது பேச்செடுத்தாலும் அவருக்கு முகம் மாறிவிடும்.

"வளர்ற கல்லு மேல உளி வெக்கறதா? வூட்டுக்கு ஆவாது. நீ இன்னா தெரிஞ்சி பேசற?"

"வளருதுன்னு யாரு சொன்னது?"

"கோட்டைப் போய் பாரு."

இங்கேதான் நான் தோற்றுப்போவேன். ஏனென்றால் அந்தப் பச்சைக் கோடு நிஜமாகவே மேலே போய்க்கொண்டிருந்தது. முதல் வருஷம் கோட்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தேன், விரல் நின்றது. மகள் நடக்க ஆரம்பித்தபோது இரண்டு விரல் நின்றது. அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது உள்ளங்கையே நின்றது. என் கண்ணாலேயே பார்க்கிறேனே, இல்லை என்று எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபி வருவதற்குள் கோட்டைக் காட்டிவிடுவார். பெரணமல்லூரிலிருந்து வந்த என் அண்ணன்கூடக் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து, "ஆமா மாப்ள, வளந்துதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். கூடப் பிறந்தவனே காலை வாரிவிட்டான்.

அப்படியே ஆண்டுகள் ஓடின. ஒருநாள் மகள் பள்ளிக்கூடத்துப் பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அவர் தறியில் இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தேன். பாடம், பாறைகள். பூமிக்கு அடியில் கொதிக்கிற குழம்பு ஆறி இறுகினால் ஒரு வகைப் பாறை. மணலும் வண்டலும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகினால் இன்னொரு வகை. இந்த இரண்டும் மண்ணுக்குள்ளே ஆழத்தில் சிக்கி, மேலே இருக்கிற பாரத்தில் நசுங்கி, சூட்டில் வெந்து, உருமாறிப்போனால் மூன்றாவது வகை.

"கொழம்பு ஆறினா கல்லாவுமா? அப்ப உங்க அம்மா வெக்கற காரக்கொழம்பு?" என்றார் அவர், ஊடை நூல் ஓடுகிற நாடாவை வீசிக்கொண்டே.

"போங்க நைனா. பாகு காய்ச்சி மெதுவா ஆற வெச்சா பெரிய பெரிய கற்கண்டா வருது இல்ல, அந்த மாதிரி. நம்ம கல்லுல மினுக்கு மினுக்குன்னு இருக்கே, அதுவும் அடியில மெதுவா ஆறினதாலதான். எவ்ளோ வருஷம்னு கணக்கே போட முடியாதாம்."

"பாத்தியா, வளர்றதுக்கும் அவ்ளோ வருஷம் ஆவும்."

"பாறை வளராது நைனா. தேயும். வெயில்ல விரிஞ்சி, மழையில சுருங்கி, வெங்காயத் தோல் மாதிரி உரிஞ்சி உரிஞ்சி விழும். அதான் ஆத்துல மணலா ஓடுது. நம்ம ஆத்து மணல் பூரா ஒரு காலத்துல மலையா இருந்ததுதான்."

அவர் மிதிப்பதை நிறுத்தினார். தறிச் சத்தம் நின்றாலே வீட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். "அப்ப கோடு?" என்றார்.

மகள் எழுந்து கொல்லைக்குப் போனாள். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே போனோம். அவள் கல்லைப் பார்க்கவில்லை. மற்றதையெல்லாம் பார்த்தாள். முருங்கை மரத்து வேர் மண்ணுக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றது. துவைக்கிற கல்லுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த செங்கல் தெரிந்தது. குழாய்க்குப் போட்ட சிமெண்டுக் கட்டையின் அடிப்பக்கம் பல் இளித்தது.

"குழாயும் வளருதா நைனா?" என்று கேட்டாள்.

அவர் குழாயடியில் குனிந்து பார்த்தார். மகள் மூலையில் சாத்தி வைத்திருந்த தொடப்பத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எம்மா, நீதான்மா இதை வளக்கற. தெனம் மண்ணோட சேத்துப் பெருக்கித் தள்ளற. மழை வந்தா மிச்சத்தை அடிச்சிகினு போவுது. கல்லு எழுந்துக்கல. மண்ணுதான் எறங்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்த நாள் முதல் காலையும் மாலையும் முருங்கை இலை ஒன்று கிடக்க விடாமல் பெருக்கியவள் நான். தறி போட விடாமல் என்னைத் தடுத்த கல்லை, நானே இடுப்பொடியக் குனிந்து வளர்த்திருக்கிறேன்!

இதில் எங்கள் வீட்டுக்காரருக்குக் கிடைத்த சந்தோஷம் இருக்கிறதே, சொல்லி மாளாது. தோற்ற மனுஷன் தோற்ற மாதிரியா நின்றார்? கைதட்டிச் சிரித்தார். "அடியே, பேரிலேயே இருக்குதே! பெருக்கறது பெருக்கறதுன்னு சொல்றோம். பெருக்கினா பெருகாம இன்னா பண்ணும்?" என்றார். கூட்டுவது என்று சொல்கிற ஊரில் பிறந்திருந்தாலும் இதே கதிதான், கூட்டினால் கூடும் என்றிருப்பார். குறைக்கிற வேலைக்கு நம் ஜனங்கள் இப்படிப் பேர் வைத்துத் தொலைத்தால் நான் என்ன செய்வது?

எனக்குக் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டேன். வேலையை நிறுத்திவிடுவேன். "ரைட்டு, இனிமே கொல்லையில நான் தொடப்பம் தொட மாட்டேன்," என்றேன். "இன்னைக்கு ஒரு கோடு போடுவோம். பொங்கல் வரைக்கும் யாரும் பெருக்கக் கூடாது. அப்பவும் கல்லு வளந்திருந்தா உங்க கல்லை நீங்களே வெச்சிக்கோங்க, நான் செத்தாலும் தறின்னு கேக்க மாட்டேன். வளரலைன்னா பொங்கலுக்கு மறுநாள் உளி வெக்கணும். சம்மதமா?"

மகள் இருக்கும் தைரியத்தில் கேட்டுவிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்து, "சம்மதம்," என்றார். பச்சை பெயிண்டுக்கு எங்கே போவது? மகளின் சிவப்பு நெயில் பாலீஷால் புதுக்கோடு போட்டோம். ஆடி மாதம் அது.

கொல்லையைப் பார்க்கச் சகிக்கவில்லை. முருங்கை இலை மெத்தை மாதிரி சேர்ந்தது. காக்கை போட்டது, காற்று கொண்டுவந்தது எல்லாம் அங்கேயே கிடந்தது. என் கை பரபரக்கும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். தறிக்குழி, தறிக்குழி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே தாண்டிப் போவேன்.

ஐப்பசி மழை தொடங்கிய சமயத்தில் ஒருநாள் கொட்டாயிலிருந்து வருகிறேன். பக்கத்து வீட்டுக்காரி வழி மறித்தாள்.

"இன்னாக்கா, உங்க வூட்டுக்காரரு பகல்ல தொடப்பமும் கையுமா நிக்கறாரு? குடுத்து வெச்சவங்க நீங்க. எங்க வூட்டுலயும் ஒண்ணு இருக்கே, தின்ன தட்டைக்கூட எடுத்து வெக்காது."

எனக்குப் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் தொடப்பத்தைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. விடுவிடு என்று கொல்லைக்குப் போனேன். கொல்லை முழுக்கக் குப்பை. கல்லைச் சுற்றி மட்டும் ஒரு முழத்துக்கு வட்டமாகப் பளிச்சென்று பெருக்கியிருந்தது. கோயிலில் சாமியைச் சுற்றிப் பிராகாரம் விட்ட மாதிரி. நான் கொட்டாய்க்குப் போனதும் ஜல்தியாக ஒரு சுற்று பெருக்கிவிட்டு, நல்ல பிள்ளையாகத் தறியில் உட்கார்ந்துவிடுகிறார். மழை வேறு அவருக்குக் கூட்டு. சிவப்புக் கோட்டுக்குக் கீழே நூல் பருமனுக்குப் புதுக் கல் தெரிய ஆரம்பித்திருந்தது.

உடனே கேட்டிருப்பேன். ஆனால் ஒளிந்து ஒளிந்து பெருக்குகிற புருஷனைப் பார்க்கிற வேடிக்கை யாருக்குக் கிடைக்கும்? கொஞ்ச நாள் அனுபவிக்கலாம் என்று விட்டுவிட்டேன். "இன்னாங்க, இடுப்பைப் புடிச்சிகினு உக்காந்திருக்கீங்க?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல, தறியில ஒரே மாதிரி உக்காந்தது," என்பார். நானும் மகளும் அடுப்பங்கரையில் போய்ச் சிரிப்போம்.

அந்த வேடிக்கைதான் வினையாகப் பார்த்தது. ஒரு வெள்ளிக்கிழமை வந்து பார்த்தால் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, இரண்டு செம்பருத்திப் பூ வைத்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரியின் வேலை. வளர்கிற கல், ஆம்பிளை தினம் பெருக்கிச் சுத்தம் செய்கிற கல், அப்படியென்றால் சாமியாகத்தானே இருக்கும்? அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் இரண்டு பெண்கள் தேங்காய்த் தட்டோடு வந்து நின்றார்கள். கல்லாக இருக்கிற வரைக்கும் உடைக்கலாம். சாமியாகிவிட்டால் யார் உளி வைப்பார்கள்? என் தறி அதோடு போச்சு.

"சூடத்தைக் கொளுத்தாதீங்க!" என்று கத்தினேன். உள்ளே தறிச் சத்தம் நின்றது. "இது சாமியும் இல்ல, பூதமும் இல்ல. எங்க வூட்டுக்காரரு எனக்குத் தெரியாம பெருக்கிப் பெருக்கி மண்ணை எறக்கறாரு, அதனால கல்லு மேல தெரியுது. வேணும்னா அவரையே கேளுங்க."

கொல்லைக் கதவுப் படியில் வந்து நின்றவரை எல்லாரும் பார்த்தார்கள். அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, தேங்காயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் சிரிப்பு தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

அவர் வந்து கல் மேல் உட்கார்ந்தார். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் நான் விடவில்லை.

"இன்னாத்துக்கு இந்த வேலை? கல்லு மேல அவ்ளோ பக்தியா?"

"கல்லாவது மண்ணாவது," என்றார். "கொட்டாய்ல நீ நெய்யற, எவ நெய்ஞ்சதுன்னு எவனுக்கும் தெரியாது. வூட்டுலயே தறி போட்டா, ரெண்டு பேரு சேலையும் ஒண்ணா மொதலாளி முன்னால போவும். எதைத் தடவிப் பாப்பாரு, எதை ஓரமா வெப்பாருன்னு எனக்குத் தெரியாதா? உன் நெசவைக் கல்யாணத்துக்கு முன்னாடியே பாத்தவன்டி நான்."

இந்த மனுஷன் என் நெசவை மெச்சி ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் மாட்டிக்கொண்டு முழிக்கும்போதுதான் சொல்கிறார். சந்தோஷப்படுவதா, மூலையில் இருக்கிற தொடப்பத்தை எடுத்து நாலு சாத்துவதா என்று தெரியவில்லை. அழுகைதான் வந்தது.

"இத்தினி வருஷமா ஒரு கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சிகினு இருந்தீங்களா?" என்றேன். "ஒண்ணா எடுத்துகினு போவ வேணாம். உங்களுது ஒரு நாளு, என்னுது ஒரு நாளு போவட்டும். எனக்கு என் பேரு போதும்."

அவர் எழுந்து போய், பாதியில் விட்ட இழையிலிருந்து நெய்யத் தொடங்கினார். பொங்கல் வரைக்கும் காத்திருக்கவில்லை. மழை விட்டதும் அவரே போய்க் கல் உடைக்கிற ஒரு புருஷன் பெண்சாதியைக் கூட்டி வந்தார்.

"வளர்ற கல்லுன்னு சொல்றாங்களே, உண்மையாம்மா?" என்று அந்தப் பெண்ணிடம் என் மகள் கேட்டாள்.

"வளந்தா நல்லதுதானே கண்ணு, எங்களுக்கு வேலை தீராது. எங்க வளருது!" என்றாள் அவள்.

கல்லின் மேல் விறகை அடுக்கிப் பகல் முழுக்க எரித்தார்கள். நன்றாகக் காய்ந்ததும் தண்ணீரை ஊற்றினார்கள். சொய்ங் என்று ஆவி கிளம்பியது. பட்பட்டென்று சத்தம் கேட்டது. பாடத்தில் படித்த வெங்காயத் தோல் எங்கள் கண் முன்னால் பலகை பலகையாக உரிந்தது. வெயிலும் மழையும் யுகக்கணக்கில் மெதுவாகச் செய்கிற வேலையை அவர்கள் சாயங்காலத்துக்குள் செய்தார்கள். மிச்சத்துக்கு வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் அடித்தார்கள். கடைசி அடியில் எருமை இரண்டாகப் பிளந்தது.

உள்ளே இருந்ததைப் பார்த்து எங்கள் வீட்டுக்காரர் வாயைப் பிளந்தார். வெளியே அழுக்குச் சாம்பல் நிறத்தில் இருந்த கல்லுக்குள் கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக ஓடியது. நடுவில் லேசாக ரோஸ் நிறத்தில் ஒரு பட்டை.

"பாரேன், கரை போட்ட மாதிரி இருக்கு. யாரு நெய்ஞ்சது இதை?" என்றார்.

"அழுத்தமும் சூடும் நைனா," என்றாள் மகள். "கொழம்பு ஆறின கல்லுதான், மறுபடி அடியில கெடந்து நசுங்கி வெந்தா இப்பிடிக் கோடு கோடா மாறிடும்."

"அது ரெண்டும்தான் நம்ம வூட்டுல நெறையக் கெடக்குதே," என்று என்னைப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் பழைய குறும்பு தெரிந்தது.

குழி வெட்டினோம். அடியில் இன்னும் கொஞ்சம் பாறை இருந்தது. அதை விட்டுவிட்டோம், மிதிக்குப் போதுமான ஆழம் இருந்தது. உரிந்த பலகைகளைக் குழிக்குள் பக்கவாட்டில் பதித்தோம். பச்சைக் கோடு ஓடிய துண்டையும் அவர் தூக்கிப் போடவில்லை. நான் உட்காருகிற இடத்துக்கு எதிரில் கொண்டு வந்து பதித்தார். வேண்டுமென்றே தலைகீழாகப் பதித்தீர்களா என்று கேட்டேன். இப்போது வளர்ந்தால் கீழே வளரட்டும் என்றார்.

என் தறியில் முதல் சேலையை நெய்து முடித்து அறுத்த வாரம் அவருடைய சேலையும் முடிந்தது. சொன்னபடி என்னுடையதை எடுத்து வைத்துவிட்டு, "நீங்க போய்ட்டு வாங்க, நான் திங்கக்கெழமை போறேன்," என்றேன்.

"ரெண்டு வாட்டி பஸ்ஸுக்குப் போவ பேஜாரு. நீயும் கெளம்பு," என்றார்.

ஆரணியில் முதலாளி வீட்டுக் கூடத்தில் பாய் விரித்திருந்தது. அவர் பையிலிருந்து ஒரு சேலையை எடுத்து முதலாளி முன்னால் வைத்தார். அவருடையது என்றுதான் நான் நினைத்தேன். பிரித்தபோது பார்த்தால் என்னுடையது. முதலாளி முந்தானையைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார். கரையைக் கட்டைவிரலால் அழுத்தித் தடவினார்.

"நல்ல அழுத்தமா இருக்கே. யாரு நெசவு?"

நான் வாயைத் திறப்பதற்குள், கூடத்தில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எங்கள் வீட்டுக்காரர் சொன்னார். "என் வூட்டுக்காரிதுங்க. தனித் தறி போட்டிருக்குது."

அதற்குப் பிறகுதான் தன் சேலையை எடுத்தார். முதலாளி அதையும் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதுவும் நல்லாருக்கு," என்று மடித்து வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "இதுவும் நல்லாருக்குன்னு சொன்னாரே, கேட்டியா?" என்றார். கேட்டேன் என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும், "கேட்டியா?" என்றார். முள்ளிப்பட்டு வருகிற வரைக்கும் அவர் கேட்டுக்கொண்டே வந்தார், நானும் கேட்டேங்க, நல்லாக் கேட்டேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.